கோட்டையூர் வீட்டில் மூன்று திசைகாட்டிகள்

இந்தியாவுக்குப் போய் வந்தேன் என்றதும் ஊரில் எல்லோரும் திருநீறு கேட்டுக் கையை நீட்டுகிறார்கள். கொடுக்க என்னிடம் திருநீறு இல்லை. நான் செட்டிநாட்டுக்குப் போனது ஒரு திசைகாட்டி எடுக்க. "கடல் தாண்டிப் போய் எடுக்கிறதுக்கு, அங்கை அதைப் பொன்னிலேயோ செய்யினம்?" என்று என் மனைவியே கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

நான் இலங்கையில், வன்னிக் காட்டில் ரோட்டுக்குக் கோடு பிடிக்கும் ஓவசியர். திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் போவேன். நான் காட்டும் பக்கம் பன்னிரண்டு பேர் மரம் வெட்டிக்கொண்டு பின்னால் வருவார்கள். போன வெயில் காலத்தில் கோடு தவறிப்போனது. குளக்கரையில் போய் முடியவேண்டிய கோடு முள்ளுக் காட்டில் போய் நின்றது. இரண்டு பகல் தண்ணீர் இல்லாமல் பன்னிரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

உயிர் ஒன்றும் போகவில்லை. திரும்பி வந்ததும், திசைகாட்டிப் பெட்டியைச் சுமந்த கந்தையன் அதைக் கீழே போட்டுக் கெடுத்துவிட்டான் என்று எங்கள் இலாகா அலுவலகமான கந்தோரில் எழுதிக் கொடுத்தேன். அவன் ஒரு வேரில் தடுக்கி விழுந்தது உண்மை. ஆனால் எனக்குச் சுட்டது அது அல்ல. காட்டுக்குள்ளே, எல்லோரும் கேட்க, "ஐயா, நான் பிடிச்சா ஒரு பக்கம் காட்டுது, நீங்கள் பிடிச்சா வேறை பக்கம் காட்டுது" என்று சொல்லிவிட்டான். பதினெட்டு வருடம் கோடு பிடித்தவனைப் பார்த்துப் பெட்டி சுமக்கிறவன் சொல்லும் பேச்சா இது என்று எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எஞ்சினியர் துரை என் கடிதத்தைப் படித்து, இனிக் கந்தையனுக்கு எந்த ரோட்டு வேலையும் கிடையாது என்று கட்டளை போட்டார். மூன்று பிள்ளைகள் உள்ள மனிதன்.

பழைய திசைகாட்டியை உடைந்த சாமான்களோடு கழித்துக் கட்டிவிட்டார்கள். "நல்லதாக ஒன்று நீயே தேடிக்கொண்டு வா. அதை வைத்து அதே கோட்டை வெட்டிக் காட்டு" என்றார் துரை. கோடு சரியாக வந்தால் குற்றம் கந்தையனுடையது என்று முடியும். மறுபடி தவறினால் குற்றம் என்னுடையது, வேலையும் போகும். எனக்கு வேண்டியது ஒரு நம்பிக்கையான முள். கந்தையனைப் பற்றி நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசிக்க விருப்பமில்லை என்பதுதான் சரி.

எங்கள் ஊரில் கடை வைத்திருக்கும் மெய்யப்ப செட்டியார்தான் வழி சொன்னார். அவருடைய தகப்பனாருக்குப் பர்மாவில் தேக்கங்காட்டு வியாபாரம். அங்கிருந்து கொண்டுவந்த திசைகாட்டிகள் மூன்று கோட்டையூர் வீட்டு அலமாரியில் சும்மா கிடக்கின்றனவாம். "எது நல்லதுன்னு எங்களுக்குத் தெரியாது. நீங்களே பாத்து ஒண்ணு பொறுக்கிக்குங்க" என்றார். பதிலுக்கு நான் செய்யவேண்டியது, அவர் மனைவிக்கு ஒரு பொட்டலமும் கடிதமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. செட்டியார்மார் கடையை எடுத்தால் மூன்று வருடம் முடியாமல் ஊர் திரும்புவதில்லை. அதுவரைக்கும் வீடு வாசல் எல்லாம் பெண்கள் ஆட்சி.

காரைக்குடியில் ரயிலை விட்டு இறங்கிப் பஸ் ஏறினேன். உட்கார்ந்தபிறகுதான் தெரிந்தது, பஸ்ஸில் பாதி ஆட்கள், பாதி கல்யாணச் சீர். குத்துவிளக்கு, அண்டா, தூக்குச் சட்டி, அடுக்கடுக்காகப் பித்தளைத் தாம்பாளம். என் மடியில் ஒரு பெரிய உருளியை வைத்துவிட்டு, "கொஞ்சம் பிடிச்சுக்கிருங்கண்ணே, ஒடுக்கு விழுந்துறாம" என்றார் ஒருவர். கடல் தாண்டி வந்தவன் என்ற மரியாதை ஒன்றும் இல்லை. நான் கோட்டையூர் வரைக்கும் யாரோ ஒரு மணப்பெண்ணின் உருளியைக் குழந்தை மாதிரிக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன்.

பாதி வழியில் பஸ் புகைந்து நின்றது. தண்ணீர் கொதித்துவிட்டது என்றார் டிரைவர். ரோட்டோரத்தில் ஓர் ஊரணி இருந்தது. மொண்டு வரப் பாத்திரம் இல்லை. எல்லோரும் சீர்ச் சாமான்களைப் பார்த்தோம். சீர் கொண்டுபோகும் பெரியவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "எடுங்க. மொத மொதல்ல தண்ணி மொள்ளுறது நல்லதுதான்" என்றார். புதுத் தவலை, புதுச் செம்பு எல்லாம் கைமாறிக் கைமாறி ஊரணிக்குப் போய் வந்தன. எங்கள் பக்கத்தில் என்றால் முதலில் டிரைவரோடு ஒரு சண்டை நடந்திருக்கும். இங்கே பதினைந்து நிமிடத்தில் பஸ் கிளம்பிவிட்டது.

இறங்கி வழி கேட்டேன். கீரை விற்ற பெண் தலையை நிமிர்த்தாமல், "நேரா கெழக்கால போங்க. ரெண்டு வீதி தாண்டி அங்குட்டுத் தெக்கால திரும்புங்க. மேக்கப் பாத்த வாசல்" என்றாள். நான் அசந்துபோனேன். எங்கள் ஊரில் பூவரசடியில் நின்று கோயிலடியைக் கேட்டு, கோயிலடியில் நின்று கிணற்றடியைக் கேட்டுத்தான் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரலாம். இங்கே வீதிகள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகின்றன. ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு வீதியில், பின்வாசல் அடுத்த வீதியில். கதவுகள் திறந்திருந்தால் இந்த வீதியில் நின்று அந்த வீதியில் போகும் மாட்டைப் பார்க்கலாம். இந்த ஊர்க்காரருக்குத் திசைகாட்டி எதற்கு, சும்மா கிடப்பதில் வியப்பில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

மெய்யப்ப செட்டியாரின் மனைவி பெயர் அலமேலு. ஊரே அவரை ஆச்சி என்கிறது. எங்கள் ஊரில் பல்லுப் போன கிழவியைத்தான் ஆச்சி என்போம். இவருக்கு என்னைவிட ஐந்து வயதாவது குறைவு. முதலில் நாக்கு வரவில்லை, இரண்டாம் நாள் பழகிவிட்டது. மெலிந்த உடம்பு, வேகமான நடை, இடுப்பில் ஒரு பெரிய கொத்துச் சாவி. அவர் வருகிறார் என்பது ஆளுக்கு முன்னால் சாவிச் சத்தத்தில் தெரியும். கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் எதிரில் பிரிக்கவில்லை. "சாப்புட்டு வந்தீகளா, சாப்புடாம வந்தீகளா?" என்பதுதான் முதல் கேள்வி.

சாப்பாட்டைப் பற்றி எழுதாவிட்டால் எனக்குப் பாவம் சேரும். வெள்ளைப் பணியாரம் என்று ஒன்று வைத்தார்கள். வெளியில் மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. கூடவே கண்ணில் தண்ணீர் வரவைக்கும் மிளகாய்த் துவையல். நான் உறைப்புக்கு அஞ்சாத ஊர்க்காரன், இருந்தும் இரண்டு செம்பு தண்ணீர் குடித்தேன். காலையில் கவுனி அரிசி. கறுப்பு அரிசியை வேகவைத்துச் சர்க்கரையும் தேங்காயும் போட்டுக் கிண்டியது. பர்மாவிலிருந்து வந்த பழக்கமாம். மதியம் மண்டி என்று ஒரு குழம்பு, அரிசி கழுவிய தண்ணீரில் செய்வது. எங்கள் சொதிதான் உலகத்தில் சிறந்தது என்று நாற்பத்தைந்து வருடமாகச் சொல்லிவந்தேன். இப்போது கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேக்குத் தூண்களை என் இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியவில்லை. சுவரை முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் போட்டு இழைத்திருக்கிறார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. பரிமாறின அம்மாள்கூட, "அந்த வடக்கால உள்ள கிண்ணத்த எடுங்க" என்றாள். இலைக்கு முன்னாலும் வடக்கு தெற்கு தெரிந்த மனிதர்கள்.

இரண்டாம் நாள் காலையில் ஆச்சி அலமாரியைத் திறந்தார். மூன்றையும் எடுத்து ஒரு பலகையில் வைத்தேன். ஒன்று மரப்பெட்டியில் பதித்தது, முகப்பு வட்டத்தில் எழுத்துக்கள் பளிச்சென்று இருந்தன. இன்னொன்று பைக்கடிகாரம் மாதிரி வெள்ளி மூடி போட்டது. பார்க்க நல்ல அழகு, ஆனால் முள்ளின் நுனியில் இருந்த நீலச் சாயம் உதிர்ந்து, எந்த முனை வடக்கு, எந்த முனை தெற்கு என்று தெரியவில்லை. காட்டில் அதை நம்பினால் போன வழியே திரும்பி வரவேண்டியதுதான். மூன்றாவது கனமான பித்தளை, குறி பார்க்க ஒரு துவாரமும் மயிரிழையும் உள்ளது.

"அது கிறுக்கு" என்றார் ஆச்சி. "எங்க மாமனாரு பர்மாவுல இருந்த மட்டுக்கும் ஒழுங்கா இருந்துச்சாம். இங்க கொண்டாந்ததுலேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு பக்கம் காட்டுது. இந்த ஊருத் தண்ணி ஒத்துக்கலை போலன்னு அவுகளே சொல்லுவாக."

திசைகாட்டிக்குப் பகை இரும்பு. அது எனக்குத் தெரியாதா? காட்டில் குறி பார்க்குமுன் பன்னிரண்டு பேரின் கோடரியையும் கத்தியையும் இருபது அடி தள்ளிப் போடச் சொல்கிறவன் நான். இங்கேயும் அதே சட்டம் போட்டேன். நடு முற்றத்திலிருந்து அரிவாள்மனை, பாக்குவெட்டி, இரும்பு வாளி, கதவுச் சங்கிலி எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினார்கள். பரிமாறின அம்மாள், "கொண்டை ஊசி இருக்கலாமா, அதுவும் ஆகாதா?" என்று கேட்டாள். அதையும் எடுக்கச் சொன்னேன். வீடே என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும், வேலை வேலைதான்.

முற்றத்தின் நான்கு மூலையிலும் கல் விளிம்போடு ஒட்டி வைத்து மூன்றையும் பார்த்தேன். ஆச்சியும் கூடவே வந்து எட்டிப் பார்த்தார். பித்தளை சொன்னபடியே கிறுக்கு. ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு பேச்சு. வெள்ளியும் தடுமாறியது. மரப்பெட்டியோ நான்கு மூலையிலும் ஒரே இடத்தில் நின்றது. ஒரு ஆட்டம் இல்லை, நடுக்கம் இல்லை. அந்த இரண்டு பகலுக்குப் பிறகு எனக்கு வேண்டியிருந்தது ஆடாத முள் ஒன்றுதான். "ஆச்சி, இதுதான் எனக்கு. இதை எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு, அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

ஆச்சிக்குத் திருப்தி இல்லை. "ஒரு பத்திரத்தை நாலு பேரு பாத்தாத்தான் எங்களுக்கு மனசு ஆறும். அடுத்த வீதியில எங்க அண்ணன் வீடு கட்டுறாக. அங்க வைரவன் ஆசாரி நூல் பிடிச்சு வச்சிருக்காரு. மூணையும் எடுத்துட்டுப் போயி அவருட்டக் காட்டுங்க" என்றார். கல்யாணமான மறுநாள் மாப்பிள்ளையைச் சோதிக்கச் சொல்கிற மாதிரி இருந்தது எனக்கு. ஆனாலும் சாப்பாடு போட்டவர் பேச்சைத் தட்டக் கூடாது.

மூன்றாம் நாள் போனேன். வைரவன் ஆசாரிக்கு ஐம்பது வயது இருக்கும். வெற்றிலை வாய், ஓயாத பேச்சு. வெறும் தரையில் வட்டம் போட்டு நடுவில் ஒரு குச்சி நட்டு வைத்திருந்தார். காலையில் குச்சியின் நிழல் வட்டத்தைத் தொட்ட இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் தொட்ட இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் கயிற்றால் சேர்த்தால் கிழக்கு மேற்கு. முந்தின நாளே முடித்துக் கயிறு கட்டிவிட்டார். "எங்க காம்பசு இந்தக் குச்சிதான் ஐயா. கீழ விழுந்தாலும் கெடாது. ஒடிஞ்சா வேற குச்சி" என்றார்.

நான் பெருமையோடு மரப்பெட்டியைக் கயிற்றோரம் வைத்தேன். முள் வடக்கைக் காட்டவில்லை. ஆசாரி குனிந்து பார்த்தார். பிறகு, திரிகையைச் சுற்றுகிற மாதிரி, பெட்டியை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். முள்ளும் பெட்டியோடு சேர்ந்து சுற்றியது.

"ஐயா, இது தெசை காட்டலை. பெட்டியோட சேந்து சும்மா உக்காந்திருக்கு. முள்ளு ஒட்டிப்போச்சு."

எனக்கு முகம் செத்துவிட்டது. ஆடாத முள் என்று நான் கொண்டாடியது அசைய முடியாத முள். கல் விளிம்போடு ஒரே பக்கமாக ஒட்டி ஒட்டி வைத்ததால் எல்லா மூலையிலும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. பெட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது கோடு பிடிக்கப் பழகுகிறவனுக்கு முதல் நாள் பாடம். அதை விட்டுவிட்டு இதைக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு பேரைக் காட்டுக்குள் இழுத்திருப்பேன்.

"அந்தக் கிறுக்கையும் வைங்க, பாப்போம்" என்றார் ஆசாரி. பித்தளையை வைத்தேன். முள் நாலைந்து தடவை ஆடி, நிதானித்து நின்றது. துவாரத்தில் கண்ணை வைத்துக் கயிற்றைப் பார்த்தேன். ஒரு நூல் தள்ளியிருந்தது, அவ்வளவுதான். அதைத் திருப்பினேன், முள் இருந்த இடத்தில் இருந்தது. ஆசாரியின் உளியைக் கிட்டக் கொண்டுபோய் முள்ளைக் குலைத்துவிட்டு எடுத்தேன். பழைய இடத்துக்கே வந்தது. பத்துத் தடவை செய்தேன், பத்துத் தடவையும் அதே இடம். முந்தின நாள் பைத்தியம், இன்றைக்கு இத்தனை தெளிவு.

"ஒரு வீதி தாண்டுனதும் புத்தி வந்துருச்சே. அந்த வீட்டுல என்னத்தப் போட்டாக?" என்று ஆசாரி சிரித்தார்.

அந்த நேரத்தில் ஆச்சியே வந்துவிட்டார், அண்ணன் வீட்டு வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க. நேராக எங்களிடம் வந்து குனிந்தார். முள் மெல்ல நகர்ந்தது. ஆச்சி நிமிர்ந்து இந்தப் பக்கம் வந்தார்; முள்ளும் இந்தப் பக்கம் வந்தது. பின்னால் போனார்; முள் பழைய இடத்துக்குப் போனது. மறுபடி கிட்டே வந்தார், மறுபடி திரும்பியது. மூன்று தடவை செய்துவிட்டு, "இது என்னைப் பாக்குது" என்றார்.

ஆசாரி ஆச்சியின் இடுப்பைப் பார்த்தார்; சட்டென்று வேறு எங்கோ பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். அந்தச் சாவிக்கொத்து மாமியார் கையிலிருந்து இவர் இடுப்புக்கு வந்தது. குளிக்கும்போதுகூடக் கை எட்டும் இடத்தில்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அதை எடுத்து வையுங்கள் என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் நா எழாது. அரிவாள்மனையையும் கொண்டை ஊசியையும் விரட்டிய எனக்கு, நான்கு மூலையிலும் கூடவே வந்த ஒரு கொத்து இரும்பு கண்ணில் படவில்லை.

ஆச்சியே புரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கையைச் சாவியின்மேல் வைத்தபடி நின்றார். சித்தாள், கொத்தனார் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிறகு சாவிக்கொத்தை அவிழ்த்து, தூரத்தில் நட்டிருந்த சவுக்குக் கம்பில் தம் கையாலேயே கொண்டுபோய் மாட்டினார். வெறும் இடுப்போடு திரும்பி வந்து திசைகாட்டியை ஒரு சுற்றுச் சுற்றி நடந்தார். முள் அசையவில்லை.

"எங்க மாமனாரு பாவம்" என்று சிரிக்கத் தொடங்கினார். "அலமாரியத் தொறக்கணும்னா அப்ப எங்க மாமியா வரணும், இப்ப நான் வரணும். சாவியோடதான வருவோம். இத்தன வருசமா கிறுக்கு இதுல்ல, நாங்கதான்." ஆசாரியும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கோடு தவறின அந்த முறை, கரடி நடமாட்டம் என்று நான் முதல் தடவையாகத் துவக்கை, அதுதான் துப்பாக்கியை, தோளில் மாட்டிக்கொண்டு போயிருந்தேன். எல்லோருடைய கோடரியும் இருபது அடி தள்ளி. என் துவக்கு என் முதுகில். குறி பார்த்த ஒவ்வொரு தடவையும் அத்தனை நீள இரும்பு முள்ளுக்குப் பக்கத்தில். கந்தையன் பிடித்தால் ஒரு பக்கம், நான் பிடித்தால் வேறு பக்கம். அவன் எதிர்த்துப் பேசவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னான். அதற்காக நான் அவன் வயிற்றில் அடித்துவிட்டேன்.

அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆச்சி கவனித்துவிட்டார். "உடம்புக்கு முடியலையாண்ணே?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அலமாரியில் இருந்த பித்தளையை எடுத்துக்கொண்டு, துவக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, கோட்டைச் சரியாக வெட்டிவிடலாம். துரை மகிழ்வார், என் வேலை நிலைக்கும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது. கந்தையனுக்கு வேறு எங்காவது ஏதாவது பார்த்துக் கொடுத்தால் போகிறது. இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

நான்காம் நாள் காலை புறப்படத் தயாரானேன். ஆச்சி பித்தளையைத் துடைத்து, பட்டுத் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நேத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தீக, பாதியில நிறுத்திட்டீக. ஏன்?" என்றார். பொய் சொல்ல முடியாத கேள்வி. எல்லாவற்றையும் சொன்னேன். துவக்கு, கந்தையன், நான் எழுதிய கடிதம், அவன் பிள்ளைகள். ஆச்சி இடைமறிக்காமல் கேட்டார்.

"இப்ப அந்த மனுசனுக்கு என்ன செய்யப் போறீக?"

"போனதும் கண்டு கதைக்கிறன், ஆச்சி. அவனிட்டை மன்னிப்புக் கேக்கிறன்."

"அவுகளக் கெடுத்தது வாயாலயா, எழுத்தாலயா?"

"எழுத்தாலை, ஆச்சி."

"எழுத்தாலன்னா எழுத்தாலதான் சரி பண்ணணும். ஊருக்குப் போனா மனசு மாறிப்போகும். இங்கனயே உக்காந்து எழுதுங்க" என்று மேசையில் காகிதமும் மைக்கூடும் வைத்தார்.

"எனக்கு வேலை போகும், ஆச்சி."

"போகலாம்" என்றார். சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "நேத்து சித்தாளு முதக்கொண்டு பாக்கயில நான் சாவிய அவுத்தேன். எனக்கு நல்லா இருந்துச்சுன்னா நினைக்கிறீக?"

உட்கார்ந்து எழுதினேன். துரைக்கு எழுதுவதால் இங்கிலீசில் எழுதினேன். இரும்பு முள்ளை இழுக்கும் விதம், துவக்கின் நீளம், தோளுக்கும் திசைகாட்டிக்கும் உள்ள தூரம், கோட்டையூரில் கண்ட சோதனை என்று நான்கு பக்கம் ஓடியது. ஆச்சிக்குத் தமிழில் வரி வரியாகப் படித்துச் சொன்னேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே ஒரு நினைப்பு.

ஆச்சி முழுதும் கேட்டுவிட்டு, "கந்தையன்ங்கிற பேரு என் காதுல விழலையே" என்றார்.

மறுபடி பார்த்தேன். துவக்கு பதினொரு இடத்தில் இருந்தது. கந்தையன் ஓரிடத்திலும் இல்லை. நான்கு பக்கத்தையும் கிழித்தேன். புதுத் தாளில் ஆறே வரி எழுதினேன்: கந்தையன் மீது நான் எழுதியது பொய், கோட்டைத் தவறவிட்டது என் துவக்கும் நானும், கந்தையன் அன்றைக்கே எனக்குச் சொல்லியும் நான் கேட்கவில்லை, அவனுக்கு வேலையைத் திரும்பக் கொடுக்கவேண்டும், எனக்கு என்ன தண்டனை தந்தாலும் சரி. ஆறாவது வரி என் கையெழுத்து. அதைப் படித்துக் காட்டியதும் ஆச்சி தலையாட்டினார்.

தபால் கந்தோர்வரைக்கும் ஆள் அனுப்பாமல் நானே நடந்து போய்ப் போட்டேன். வழிச்செலவுக்கு என்று ஆச்சி ஒரு ஓலைப்பெட்டி நிறையத் தேன்குழலும் மாவுருண்டையும் கட்டிக் கொடுத்தார். திசைகாட்டியைக் கையில் தந்தபோது, "உங்களுக்கு வேலை போயிருச்சுன்னா இத அந்த மனுசன்கிட்டக் குடுத்துருங்க. திருப்பி அனுப்ப வேணாம்" என்றார். பணக்கார வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு மனுஷியைப் பார்த்ததில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

நான் வழியில் தங்கித் தங்கிப் போனதில், கடிதம் எனக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. துரை என்னை நிற்கவைத்துப் பேசவேண்டியதெல்லாம் பேசினார். வேலை முழுதாகப் போகவில்லை. கோடு பிடிக்கும் வேலை போனது; அதைக் கந்தையனுக்குக் கொடுக்கச் சொன்னார். கந்தையனைத் தேடிப் போனேன். அவர் உப்பளத்தில் காலெல்லாம் வெடித்து நின்றுகொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டார். மறு திங்கட்கிழமை காட்டுக்கு வந்தார்.

இப்போது பித்தளைத் திசைகாட்டி அவர் கையில்தான். கரடிக்குத் துவக்கு வேண்டும், அது என் தோளில். அவர் முன்னால் போகிறார், ஆட்கள் வெட்டுகிறார்கள், நான் கடைசியில் வருகிறேன். குறி பார்க்குமுன் அவர் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்து, "ஐயா, இன்னும் கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்கோ" என்கிறார். நான் போய் நிற்கிறேன்.